குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போனவன்

கொஞ்சம் இந்தப் பையைப் பிடித்துக்கொள்கிறீர்களா அக்கா? பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொள்கிறேன். உள்ளே பிள்ளைத்துணிதான். கனமாக இருப்பது பூட்டு. ஆமாம், பூட்டுதான், சாவி தொலைந்துபோன பழைய இரும்புப் பூட்டு. கைப்பிள்ளையோடு செம்மண் தேரிக்காட்டு வழியாகத் தனியாகப் போகிறேன் என்று அம்மா பின்னாலேயே ஓடிவந்து வேப்பிலையோடு சேர்த்துத் திணித்தாள். இரும்பு கூட இருந்தால் காத்துக்கருப்பு அண்டாதாம். வாயில் பூட்டுப் போட்ட இரண்டு ஆம்பளைகளை வாசலில் நிறுத்திவிட்டு வருகிறேன், எனக்குத் துணைக்கு இன்னொரு பூட்டு.

தொப்பியா? சிரிக்காதீர்கள் அக்கா. பொம்பளைப் பிள்ளைக்குக் கௌபாய் தொப்பி. அதன் அப்பா வாங்கி வந்தது. வெயிலுக்காகத்தான் போட்டுவிட்டேன், கழற்றி உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் யாரோடும் பேசுகிறவள் இல்லை. எங்கள் தெருவில் வந்து சுயம்புக்கனி என்று கேட்டுப்பாருங்கள், "அந்த ஊமப்பிள்ளையா?" என்பார்கள். எட்டாவதில் டீச்சர் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள், மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. அப்படிப்பட்டவள். இன்றைக்கு என்னவோ, உங்களைப் பார்த்ததும் வாய் நிற்கமாட்டேன் என்கிறது. இந்த பஸ்ஸில் நீங்களும் திருச்செந்தூர்வரைதானே? அப்படியானால் கேளுங்கள்.

எல்லாம் இந்தக் குதிரைப் படத்தால் வந்தது. கௌபாய் படம் என்பார்களே, அது. அமெரிக்காக்காரன் எடுத்தது எங்கள் வீட்டுக்காரருக்கு ஆகாது. இத்தாலிக்காரன் எடுத்ததுதான் வேண்டும். இத்தாலியில் யார் துப்பாக்கியை வைத்துக்கொண்டு குதிரையில் அலைகிறார்கள்? கேட்டால், "அவன் ஸ்பெயின்ல போயி எடுத்துட்டு அமெரிக்கான்னு காட்டுவாம்ட்டி" என்கிறார். பாருங்கள் அக்கா. ஒரு ஊர்க்காரன் இன்னொரு ஊரில் நின்றுகொண்டு இது மூன்றாவது ஊர் என்று பொய் சொல்கிறான். அதை ஆறுமுகநேரியில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்.

அதிலும் முதலில் வந்த படங்கள் வேண்டாமாம். கடைசியில் எடுத்ததுதான் வேண்டுமாம். ஆட்டம் ஓய்ந்து, தியேட்டருக்கு ஆள் வருவது நின்றுபோன காலத்தில் எடுத்தது. பார்த்தாலே தெரியும். எல்லாப் படத்திலும் அதே தெருதான். கடைகளில் பலகை பேர்ந்து தொங்கும், ஒருவனும் ஒரு ஆணி அடிக்கமாட்டான். ஒரு தொந்திக்காரன் இருக்கிறான், எந்தப் படமானாலும் மாடியிலிருந்து விழுந்து சாவான். ஒரு படத்தில் தாடி வைத்துக்கொண்டு சாவான், இன்னொரு படத்தில் தாடியை எடுத்துவிட்டுச் சாவான். நமக்கு அடையாளம் தெரியாதாம்! விழுவதும் எப்படி? மெதுவாக, மெதுவாக, தண்ணீருக்குள் முழுகுகிற மாதிரி. நான் ஒரு உலை வைத்துவிட்டு வந்து பார்த்தால் அப்போதும் விழுந்துகொண்டிருப்பான்.

கதாநாயகன் என்று ஒருத்தன் வருவான். நரைத்துப்போயிருப்பான். இருமுவான். குதிரையில் ஏறும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வான். மழையில் நனைந்து கோட்டெல்லாம் சேறு. நம் வீட்டுக் கொடியில் போடக்கூட விடமாட்டோம். "இவன எதுக்கு அத்தான் பாக்கிய?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவருக்குச் சேர்மதுரை என்று பேர், நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அதிசயமாகப் பேசினார்.

"மொதல்ல எடுத்ததெல்லாம் துப்பாக்கிப் படம். கடைசியா எடுத்ததுதாம்ட்டி மனுசப் படம். எப்படி அலுத்துப்போயி நிக்கான் பாரு. மூஞ்சியப் பாரு."

அலுத்துப்போன மூஞ்சியைப் பார்க்க இத்தாலிக்குப் போக வேண்டுமா அக்கா? ஏழாம் மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு குடிதண்ணீர்க் குடத்தோடு எதிரே ஒருத்தி நிற்கிறாள். அவளைப் பார்த்தால் தெரியாதா?

"அவன் என்ன பேசுதான்னு ஒங்களுக்கு வெளங்குதா?" என்றேன். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். இவர் பத்தாவதில் இங்கிலீஷில் பெயிலானவர்.

"அவந்தான் பேசவே மாட்டானே. அப்புறம் என்ன வெளங்கணும்?"

பதிலைப் பாருங்கள்.

குட்டியானை வண்டி ஓட்டுகிறார் அக்கா. ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றி ஊர் ஊராகப் போடுவார். நல்ல மனுஷர், இல்லை என்று சொல்லவில்லை. குடி கிடையாது, சீட்டுக் கிடையாது. மூட்டை ஏற்றுகிறவரை அளத்தில் சும்மா நிற்க வேண்டுமாம். அந்த வெள்ளை வெளேரென்ற உப்புக்கு நடுவில் வண்டியில் உட்கார்ந்து போனில் பார்த்துப் பார்த்துத்தான் இந்தச் சீக்கு பிடித்திருக்கிறது. கல்யாணமான புதிதில் எவ்வளவு பேசுவார் தெரியுமா? வரவர இத்தாலிக்காரன் ஆகிவிட்டார். சோற்றில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்வதில்லை, உப்பு வண்டிக்காரர்! தட்டைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். கண்ணைச் சுருக்குவார். நான் ஜாடியைத் தேடிக்கொண்டு ஓட வேண்டும். வாயில் எப்போதும் ஒரு வேப்பங்குச்சி வேறு. பல் தேய்க்கிற குச்சி அக்கா, அதை நாள் முழுக்க ஓரமாகக் கடித்துக்கொண்டு.

அக்கா, பின்கண்ணாடி வழியாகக் கொஞ்சம் பாருங்களேன். ஒரு நீலக் குட்டியானை வருகிறதா? நான் திரும்பமாட்டேன். நீங்கள் பாருங்கள்.

வரவில்லையா? வராவிட்டால் போகட்டும்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேனா, அதற்குப் பிறகு இன்னும் மோசம். நம் வீட்டு ஆம்பளைகள் என்ன செய்வார்கள்? போன் போட்டு, சாப்பிட்டியா, பிள்ளை அழுததா என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். இவர் படம் அனுப்புவார். மத்தியானம் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காருகிற நேரம் பார்த்து டிங் என்று வந்து விழும். ஒரு எழுத்துக்கூட இருக்காது, படம் மட்டும். மனைவிக்கு அனுப்புகிற சாமானா அது? எனக்கு என்ன, கையில் பிள்ளை, எழுந்திருக்க முடியாது, கண் சும்மா இருக்கிறது. பார்த்துத் தொலைத்தேன். எல்லாவற்றையும்தான். ஒன்றுகூட உருப்படி இல்லை.

ஒரு படத்தைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ஒருத்தன் எத்தனையோ வருஷம் கழித்து ஊருக்கு வருகிறான். ஒரு வீட்டு முன்னால் குதிரையை நிறுத்துகிறான். கிணற்றடியில் ஒரு பொம்பளை நிற்கிறாள். அவன் பெண்டாட்டிதான், நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வாளியை எடுத்து நீட்டுகிறாள். அவன் வாங்கிக் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறான். குதிரை குடிக்கிறது. நிதானமாகக் குடிக்கிறது. இவன் அவளைப் பார்க்கிறான், அவள் இவனைப் பார்க்கிறாள், கண்ணையே பெரிசு பெரிசாகக் காட்டுகிறான் படம் எடுத்தவன். எங்கேயோ ஒரு தகரம் காற்றில் அடித்துக்கொள்கிறது. பிறகு வாளியைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுக் குதிரை ஏறிப் போய்விடுகிறான். அவ்வளவுதான் அக்கா! படம் முடிந்தது! வாசல்வரை வந்தவனுக்கு ஒரு சொல் சொன்னால் என்ன கேடு? குதிரைக்குத் தண்ணீர் காட்டத் தெரிகிறது, பெண்டாட்டியை "வா" என்று கூப்பிடத் தெரியவில்லை. அந்த மூதியும் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "எதுக்குட்டி அழுத?" என்று அம்மா வந்து கேட்கிறாள். பிள்ளை பெற்ற உடம்பு, சும்மாவே கண்ணில் தண்ணீர் வரும், நர்ஸம்மாவே சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் அதையே திரும்பப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஏதாவது சொன்னானோ, அந்தத் தகரச் சத்தத்தில் நமக்குக் கேட்கவில்லையோ என்று. இல்லை. சொல்லவில்லை. நன்றாகக் காதை வைத்துக் கேட்டேன்.

சரி, இன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

ஆனி முடியப்போகிறது. ஆடி பிறந்தால் அனுப்பமாட்டார்கள், உங்களுக்குத் தெரியாததா? இன்றைக்கு விட்டால் பிறகு ஆவணிதான். பிள்ளை கவிழ்ந்து படுக்க ஆரம்பித்துவிட்டது, அதை அவர் இன்னும் பார்க்கவில்லை. அதனால் இன்றைக்கு வந்து கூட்டிப்போவது என்று பேச்சு. பேச்சு என்றால் அவர் பேசவில்லை, என் மாமியார் போனில் எங்கள் அம்மாவிடம் பேசியது.

முறை என்று ஒன்று இருக்கிறதே. பெரியவர்கள் நாலு பேர் பூவும் பழமும் கொண்டுவந்து, "தாயையும் பிள்ளையையும் அனுப்பி வைங்க" என்று வாய் நிறையக் கேட்க வேண்டும். மாமியாருக்கு முட்டுவலி, வர முடியவில்லை. இவர் தன்னந்தனியாக, உப்பு வண்டியில் வந்து இறங்கினார். ஒரு கையில் பழப்பை, ஒரு கையில் இந்தத் தொப்பி. வாயில் குச்சி.

எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கற்குவேல் என்றால் எங்கள் ஊரில் பஞ்சாயத்துக்கு முதல் நாற்காலி. அவருக்கு மருமகன் மேல் பழைய வருத்தம். பிள்ளை பார்க்க வந்துவிட்டுப் போகும்போது "போயிட்டு வாரேன் மாமா" என்று சொல்லவில்லையாம், தலையை மட்டும் ஆட்டினாராம். "தலையாட்டுததுக்கு நான் என்ன மாடா?" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை மருமகன் வாயைத் திறக்காமல் நான் "வாரும்" என்று சொல்லமாட்டேன் என்று காலையிலேயே சபதம்.

இவருக்கோ, வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்லாமல் வாசல்படி ஏறமாட்டார். அதுவும் முறைதானே? தப்புச் சொல்ல முடியுமா?

ஆக, அப்பா நடைப்படியில் நிற்கிறார். இவர் வண்டியை விட்டு இறங்கி முற்றத்தில் நிற்கிறார். நடுவில் ஒரு கோழி.

ஒருத்தரும் பேசவில்லை அக்கா.

அப்பா மீசையைத் தடவுகிறார். இவர் குச்சியை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றுகிறார். பனையோலை காற்றில் சலசலவென்று அடிக்கிறது. பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் மைனி, புளி உடைத்துக்கொண்டிருந்தவள், சுளகோடு மதிலுக்கு வந்துவிட்டாள். "கொழுந்தியா, என்ன ரெண்டு பேரும் போட்டோவுக்கு நிக்காவளா?" என்று என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்கிறாள்.

உள்ளேயிருந்து அம்மா கத்துகிறாள். "யாராவது ஒருத்தர் வாயத் தொறங்க, இட்லி ஆறிப்போவுது!"

அப்பா அவரிடம் பேசமாட்டார், ஆனால் காற்றிடம் பேசுவார். "ஏளா, பொட்டப்பிள்ளைக்குத் தொப்பி கொண்டாந்திருக்காவ. நம்ம வீடு என்ன சர்க்கஸ் கூடாரமா? கேளு."

இவர் கண்ணைச் சுருக்கினார்.

"சில பேருக்கு வாயில கொழுக்கட்ட இருக்கும்போல."

இவர் இன்னும் கொஞ்சம் சுருக்கினார். எனக்கு அவரைத் தெரியும் அக்கா, உள்ளுக்குள் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "அனுப்பி வைங்க மாமா." அதுகூட வேண்டாம். என்னைப் பார்த்து "வா". ஒற்றை எழுத்து. ஊமைக்குக்கூட வரும்.

நான் எங்கே நின்றேன் என்கிறீர்கள்? அப்பாவுக்குப் பின்னால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு. பிடித்துக்கொண்டிருந்த என் கையை நானே பார்த்தேன். சீ என்று ஆகிவிட்டது. அந்த வாளிக்காரி மாதிரியே நிற்கிறேன்! எவனோ இத்தாலிக்காரன் சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு ஆம்பளைகளும் நிற்கிறார்கள் என்றால், நானுமா?

பையை எடுத்தேன். அப்பாவைத் தாண்டிப் படியிறங்கினேன். "எங்கட்டி போற?" என்றார். நான் அப்பா முன்னால் நின்று பேசினதே கிடையாது, இன்றைக்கு எதற்குப் புதிதாக? நேரே நடந்தேன், அவசரப்படவில்லை. கோழி ஒதுங்கிக்கொண்டது. இவர் பக்கத்தில் போனதும் நின்றேன். கையில் இருந்த தொப்பியை வாங்கினேன். வெயில் அக்கா, பிள்ளைக்கு உச்சியில் மயிர்கூட இல்லை. தலையில் வைத்தேன். அவரை ஒரு பார்வை பார்த்தேன். ரொம்ப நேரம் இல்லை. பிறகு திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன். முந்தானை காற்றில் பறந்துகொண்டே வந்தது, பிடிக்கக்கூட இல்லை. தங்கபுஷ்பம் மைனி கையிலிருந்து சுளகு விழுந்ததாம், அம்மா பூட்டோடு ஓடிவந்தவள் சொன்னாள்.

நானா? நான் அந்தப் படத்து ஆள்கள் மாதிரியா? என்ன அக்கா நீங்கள்! அவர்கள் வேலை இல்லாமல் நடப்பவர்கள். நான் என் வீட்டுக்குப் போகிறேன். மாமியார் இருக்கிறார்கள், முட்டுவலிக்குத் தைலம் தேய்க்க ஆள் இல்லை. நான் ஏன் ஆவணிவரை காத்திருக்க வேண்டும், இவர்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்பதற்காக?

என்ன? வருகிறதா? நீலமா? முன்கண்ணாடியில் சேர்மன் சாமி துணை என்று எழுதியிருக்கிறதா? அப்படியானால் அதுதான். முந்தப் பார்க்கிறதா? இல்லையா? பின்னாலேயே வருகிறதா? அதுதான் அவர். முந்தமாட்டார், ஆரன் அடிக்கமாட்டார். பின்னாலேயே, தூரத்திலேயே, தூசிக்குள்ளேயே வருவார். அப்படித்தான் வருவான்கள் அந்தப் படத்திலும்.

உள்ளே இன்னொருத்தரா? வெள்ளைச் சட்டை? மீசை இருக்கிறதா? நன்றாகப் பாருங்கள் அக்கா. எங்கள் அப்பாவா! இரண்டு பேரும் ஒரே வண்டியிலா? "ஏறுங்க" என்று யார் சொல்லியிருப்பார்கள்? யாராவது ஒருத்தர் சொல்லியிருக்க வேண்டுமே. எனக்குத் தெரியவேண்டியது அதுதான். ஒருவேளை ஒருத்தரும் சொல்லாமலே ஏறிக்கொண்டார்களோ என்னவோ, செய்யக்கூடியவர்கள்தான்.

பஸ் ஏன் நிற்கிறது? ஆடா? நிற்கட்டும், தேரி மேட்டிலிருந்து இறங்கினால் கடைசி ஆடு வரைக்கும் நிற்கத்தான் வேண்டும்.

பக்கத்தில் வந்து நிறுத்திவிட்டார். இறங்குகிறார். பார்த்தீர்களா நிற்கிற நிலையை? காலை அகட்டிக்கொண்டு, செம்மண் புழுதியில், என் ஜன்னலுக்கு நேரே. அப்பா இறங்கவில்லை, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்கிறார். இட்லியாக இருக்கும். அம்மா கொடுத்துவிட்டிருப்பாள்.

பேசுகிறாரா பாருங்கள். பேசவில்லை. நான் பேசமாட்டேன். சத்தியமாக மாட்டேன். இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன், கண்ணை இமைக்கக்கூட மாட்டேன். கண்டக்டர் கத்தட்டும். "வேய், வண்டிய ஒதுக்கும்வே, ஆடு போயாச்சி!" நன்றாகக் கத்துங்கள் அண்ணாச்சி. எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள், இல்லையா? எனக்குக் காது மடல் எரிகிறது அக்கா, தலையைக் குனியலாம் போலிருக்கிறது. குனியமாட்டேன். இன்றைக்கு அவர் வாளியை வைத்துவிட்டுப் போனால் போகட்டும். நானும் திருச்செந்தூர் போய்ப் பஸ் மாறிக்கொள்வேன்.

குச்சியைத் துப்பிவிட்டார்.

அக்கா, குச்சியைத் துப்பிவிட்டார். அவர் அதைத் துப்பி நான் பார்த்ததே இல்லை.

"பிள்ள மேல வெயிலு அடிக்குட்டி."

கேட்டீர்களா? நீங்களும் கேட்டீர்கள்தானே? இருங்கள், இன்னும் ஏதோ வருகிறது.

"வா. வீட்டுக்குப் போவோம். வாட்டி கனி."

இரண்டு தடவை. ஒரு தடவை கேட்டதற்கு இரண்டு தடவை சொல்லிவிட்டார், இத்தனை பேர் முன்னால். அந்தப் பக்கம் அப்பாகூடத் திரும்பிவிட்டார். இவருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. தேரி மண்தான் விழுந்திருக்கும், வேறென்ன.

எழுந்திருக்கிறேன் அண்ணாச்சி, எழுந்திருக்கிறேன், விரட்டாதீர்கள். இல்லை அக்கா, உடனே இறங்கினால் நன்றாகவா இருக்கும்? கொஞ்ச நேரம் நிற்கட்டும். இன்னும் கொஞ்சம். அந்த மாதிரிப் படங்களில் இந்த இடத்தில் ஒரு சீட்டி அடிப்பார்கள், நீளமாக, எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

சரி, போகிறேன். பையைக் கொடுங்கள். பூட்டு உள்ளே இருக்கிறதா? இருக்கட்டும்.

அந்தத் தொப்பியைக் கொடுங்கள் அக்கா. வெயிலுக்குத்தான்.